பிரதிநிதிகள் சபை வேட்பாளரின் கல்வி நிலைப்பாட்டைப் பொது ஆவணங்களில் தேடுவது எப்படி?

புதுவாக்காளர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். டெக்ஸாஸின் பெருநகர் ஒன்றை அடுத்த புறநகரில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறோம். சென்ற ஆண்டுதான் குடியுரிமை பெற்றேன். வரும் நவம்பர் 3 அன்று முதன்முறையாக வாக்களிக்க இருக்கிறேன். காங்கிரஸ் வேட்பாளர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஊரிலுள்ள என் தந்தையிடம் சொன்னபோது, அவர் கைச்சின்னத்தை நினைத்துக்கொண்டு, "அங்கேயும் அவர்கள்தானா?" என்று கேட்டார். நான் கேட்பது அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கு நிற்பவர்களைப் பற்றி.

என் மகனுக்குப் பேச்சுப் பயிற்சி தேவைப்படுவதால் பள்ளியில் அவனுக்கென்று ஐ.இ.பி. எனப்படும் தனிக் கல்வித் திட்டம் வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே, மற்ற எந்தப் பிரச்சினையைக் காட்டிலும் கல்வியைப் பற்றி இவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அறிந்துகொள்ளவே விரும்புகிறேன். களத்தில் மூவர் இருக்கிறார்கள். ஒருவர் பல முறை வென்று இப்போதும் உறுப்பினராக இருப்பவர். 2025-இல் தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்ததில் எங்கள் தெரு அவருடைய தொகுதிக்குள் போனது. இன்னொருவர் 2023-இல் மாநிலக் கீழவையில் இருந்தவர். மூன்றாமவர் உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் கல்வி மாவட்டம் ஒன்றின் வாரியத்தில் ஆறு ஆண்டுகள் இருந்தவர். வேறு பதவி எதையும் வகித்ததில்லை.

மூவருடைய இணையதளங்களிலும் ஒவ்வொரு குழந்தைக்கும் தரமான கல்வி, பெற்றோரின் குரலுக்கு மதிப்பு, ஆசிரியர்களுக்குத் துணை என்ற மூன்று வாசகங்களே சற்று முன்பின்னாக இருக்கின்றன. பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. பேச்சை விட்டுவிட்டு, இவர்கள் செய்ததை எந்த ஆவணத்தில், எந்த வரிசையில் பார்ப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். எந்தக் கட்சிக்கு வாக்களிக்க வேண்டும் என்ற அறிவுரை வேண்டாம்.

ஆவணப்பூனை:

சகோதரி, வணக்கம். எங்கே தேடுவது என்பதற்கு முன்னால், எதைத் தேடுவது என்பதை முடிவுசெய்துகொள்ள வேண்டும். இந்நாட்டில் பள்ளிக் கல்விக்கான பணத்தில் மத்திய அரசின் பங்கு பெரும்பாலான ஆண்டுகளில் பத்தில் ஒன்றை ஒட்டியே இருக்கிறது. மற்றதெல்லாம் மாநிலமும் உள்ளூர்ச் சொத்து வரியும் தருவது. பாடத்திட்டத்தில் எதைச் சேர்ப்பது, ஆசிரியருக்கு எவ்வளவு ஊதியம் என்பவையெல்லாம் பிரதிநிதிகள் சபையின் கைக்குள் இல்லாதவை. வேட்பாளர் அவற்றைப் பற்றி மேடையில் எவ்வளவு உரக்கப் பேசினாலும், வாஷிங்டனில் அவர் தொடக்கூடியவை சிலவே. ஏழைக் குழந்தைகள் மிகுந்த பள்ளிகளுக்கான முதலாம் தலைப்பு நிதி, மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்விக்கான ஐ.டி.இ.ஏ. சட்டம், கல்லூரிக் கடன், பள்ளி உணவு, கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-இன் ஒன்பதாம் தலைப்பு போன்ற குடிமை உரிமைச் சட்டங்கள், கல்வித் துறை என்ற அமைச்சகமே இருக்க வேண்டுமா என்ற கேள்வி ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

உங்கள் மகனைப் பொறுத்தவரை, ஐ.டி.இ.ஏ.தான் வேர். 1975-இல் அந்தச் சட்டத்தின் முதல் வடிவம் நிறைவேறியபோது, ஒரு மாணவருக்கான சராசரிச் செலவில் 40 விழுக்காடு வரை மத்திய அரசு தரும் என்று வகுத்தார்கள். இன்றுவரை அதில் பாதியைக்கூட வழக்கமான ஒதுக்கீடு தொட்டதில்லை. இந்தக் குறையை நீக்க "முழு நிதி" மசோதா ஒன்று ஒவ்வொரு ஈராண்டுக் காங்கிரஸ் காலத்திலும் முன்வைக்கப்படுகிறது. காங்கிரஸ்.கவ் (congress.gov) தளத்தில் அதைத் தேடி, இணைமுன்மொழிவாளர் பட்டியலில் இப்போதைய உறுப்பினரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொருவரும் கையெழுத்திட்ட தேதியும், பிறகு விலகிக்கொண்டிருந்தால் அந்தத் தேதியும் அங்கேயே இருக்கும். ஆனாலும் இணைமுன்மொழிவு என்பது செலவில்லாத ஆதரவு. வாக்கெடுப்புக்கே வராத மசோதாவில் பெயரைச் சேர்த்துக்கொள்வதால் யாரும் எதையும் இழப்பதில்லை.

ஆகவே நான் முதலில் பார்ப்பது திருத்தங்களின் மீதான வாக்குகளையே. மசோதாவின் இறுதி வாக்கெடுப்பில் பெரும்பாலோர் கட்சியோடு போய்விடுவார்கள். திருத்தம் வரும்போதுதான் கட்சிக்குள்ளேயே பிளவு தெரியும். 2023 மார்ச் 24 அன்று "பெற்றோர் உரிமைகள்" மசோதாவான எச்.ஆர். 5, பிரதிநிதிகள் சபையில் 213-க்கு 208 என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்தவர்களில் ஐந்து குடியரசுக் கட்சியினரும் இருந்தார்கள். அவர்களுள் நால்வர் வலதுகோடியில் நிற்பவர்கள்; ஐந்தாமவர் நியூயார்க்கின் இழுபறித் தொகுதியிலிருந்து வந்த மிதவாதி. ஒரே "இல்லை", ஆனால் ஒரே கருத்தன்று. அதே மசோதாவில், பள்ளிக் கல்வியில் கல்வித் துறைக்குள்ள அதிகாரங்கள் முடிவுக்கு வர வேண்டும் என்ற பொருளில் கென்டக்கியின் தாமஸ் மாஸி கொண்டுவந்த திருத்தம் 161-க்கு 265 என்ற கணக்கில் தோற்றது. அறுபது குடியரசுக் கட்சியினர் அதை எதிர்த்தார்கள். ஒருவர் கல்வித் துறையை மூடுவதில் உண்மையில் எங்கே நிற்கிறார் என்பதை, அவருடைய நூறு மேடைப்பேச்சுகளைவிட அந்த ஒரு வாக்கு தெளிவாகச் சொல்லும். சபைச் செயலரின் தளத்தில் பெயர் வாரியாகப் பட்டியல் கிடைக்கும். (மாஸி கொண்டுவந்த தனி மசோதாவான எச்.ஆர். 899-இன் 2017 வடிவம், 2018 டிசம்பர் 31 அன்று கல்வித் துறை முடிவுக்கு வரும் என்ற ஒரே வாக்கியம்தான். படிக்கச் சோம்பல்படுபவர்களுக்கு அதைவிட நல்ல மசோதா கிடைக்காது.)

உங்கள் இரண்டாம் வேட்பாளருக்கும் இதே முறைதான். 2023 நவம்பர் 17 அன்று டெக்ஸாஸ் கீழவையில், பள்ளி நிதி மசோதாவிலிருந்து வவுச்சர் (தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தருவது) பகுதியை நீக்கும் திருத்தத்தை ஜான் ரேனி என்ற குடியரசுக் கட்சி உறுப்பினரே கொண்டுவந்தார். 84-க்கு 63 என்று அது வென்றது. குடியரசுக் கட்சியினர் 21 பேர் அதை ஆதரித்தார்கள். ஆளுநர் அதை மறக்கவில்லை. 2024 மார்ச்சில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில் அவர்களில் பலருக்கு எதிராக அவரே போட்டியாளர்களை ஆதரித்தார், சிலர் பதவியிழந்தார்கள். இழப்பு இருக்கும் என்று தெரிந்தே போட்ட வாக்குக்குத் தனி மதிப்பு உண்டு. அன்று உங்கள் வேட்பாளர் எந்தப் பக்கம் இருந்தார் என்பதை அந்த நாளின் அவைக் குறிப்பேட்டில் பாருங்கள்.

நெடுஞ்சாலை290:

பூனையார் சொல்வதெல்லாம் சரி. ஆனால் இவ்வளவு சுற்றுவழி எதற்கு? பணத்தைப் பாருங்கள். மத்தியத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் வேட்பாளரின் பெயரை இட்டால், எந்த அரசியல் நடவடிக்கைக் குழு எவ்வளவு கொடுத்தது என்பது வந்துவிடும். ஆசிரியர் சங்கங்களான என்.இ.ஏ., ஏ.எஃப்.டி. ஆகியவற்றின் குழுக்கள் கொடுத்திருந்தால் ஒரு பக்கம். வவுச்சர் ஆதரவாளர்களின் பணம் வந்திருந்தால் மறுபக்கம். ஐந்து நிமிட வேலை.

ஆவணப்பூனை:

நண்பரே, பணம் நிலைப்பாட்டை உருவாக்குகிறதா, நிலைப்பாட்டைப் பார்த்துப் பணம் வருகிறதா என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. ஒரு குழு ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்குப் பொதுவாக 5,000 டாலர் வரைதான் நேரடியாகக் கொடுக்க முடியும். பெரும்பணம் செலவிடும் சூப்பர் பேக் குழுக்கள் வேட்பாளரின் கையில் கொடுப்பதில்லை, தனியே விளம்பரம் செய்கின்றன. அவற்றைச் சுயேச்சைச் செலவு என்ற வேறொரு பட்டியலில் தேட வேண்டும். ஐந்து நிமிடத்தில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் பட்டியலைத் திறப்பதே இல்லை. பணத்தைக் கடைசியில் பாருங்கள். ஏற்கெனவே கண்டதை உறுதிசெய்ய அது உதவும். மாநிலப் பதவிக்கு நின்றபோது வாங்கிய பணம் மத்திய ஆணையத்திடம் இராது, டெக்ஸாஸ் நெறிமுறை ஆணையத்தில் இருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:

மூன்றாம் வேட்பாளரைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். மூவரிலும் உங்களுக்கு மிகுதியான ஆவணம் கிடைக்கப்போவது அவரிடமிருந்துதான். வாஷிங்டனில் இருப்பவர் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கல்வியைத் தொடுவார். வாரியத்தில் இருப்பவருக்கு மாதந்தோறும் அதே வேலை.

வாரியக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலும் நடவடிக்கைக் குறிப்பும் கல்வி மாவட்டத்தின் தளத்திலேயே இருக்கும். நடவடிக்கைக் குறிப்பில் தீர்மானம், முன்மொழிந்தவர், வாக்கு ஆகியவைதாம் இருக்கும். ஏன் அப்படி வாக்களித்தார் என்பது இராது. அதற்குக் காணொளியைப் பார்க்க வேண்டும். பத்தாயிரம் மாணவருக்கு மேற்பட்ட மாவட்டங்கள் கூட்டத்தைப் பதிவுசெய்து ஏழு நாளுக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று டெக்ஸாஸ் திறந்த கூட்டங்கள் சட்டம் சொல்கிறது. ஆனால் இரண்டு ஆண்டுகள் வரை வைத்திருப்பதே அவர்களுடைய கடமை. பழைய காணொளியில் ஏதேனும் தேவையானால் இன்றே பார்த்து, நிமிடக் கணக்கோடு குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குறிப்புகளில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இருபது முப்பது விஷயங்களை ஒன்றாகக் கட்டி, விவாதமின்றி ஒரே வாக்கில் நிறைவேற்றும் ஒப்புதல் நிரல் என்ற பகுதி எல்லாக் கூட்டத்திலும் இருக்கும். பேருந்து டயர் வாங்குவதும் பாடநூல் ஒப்பந்தமும் அதில் அருகருகே இருக்கும். அதில் "ஆம்" என்று சொன்னதை வைத்து ஒருவர் அந்தப் பாடநூலை ஆதரித்தார் என்று முடிவுகட்டாதீர்கள். மாறாக, ஒரு விஷயத்தை அந்தக் கட்டிலிருந்து தனியே எடுத்து விவாதிக்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தால், அதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். எதன் மீது அவருக்கு அக்கறை என்பது அங்கேதான் தெரியும்.

இன்னொரு வசதியும் டெக்ஸாஸில் இருக்கிறது. 2023-இன் செனட் மசோதா 763, பள்ளிகளில் சமயக் குருமார்களைப் பணியமர்த்தவோ தன்னார்வலராக ஏற்கவோ அனுமதிப்பதா என்பதை ஒவ்வொரு வாரியமும் 2024 மார்ச் 1-க்குள் பெயர் பதிந்து வாக்கெடுத்து முடிவுசெய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அக்காலத்தில் வாரியத்தில் இருந்தவராயின், நழுவ முடியாத ஒரு வாக்கு அவர் பெயரில் இருக்கும். 2025-இன் செனட் மசோதா 11, பள்ளிகளில் பிரார்த்தனை நேரம் பற்றி அதே போன்ற வாக்கெடுப்பைக் கேட்டது.

தளத்தில் இல்லாததைப் பொதுத் தகவல் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். ஊரில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஆர்.டி.ஐ. மனு போட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதாக இராது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. சாதாரணத் தாளில் நகல் பக்கத்துக்குப் பத்து சென்ட். தர மறுக்க நினைத்தால், பத்து வேலைநாளுக்குள் அவர்கள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் போய் முடிவு கேட்க வேண்டும். நான் ஒருமுறை ஒரு மாவட்டத்திடம் "வாசிப்புத் திட்டம் தொடர்பான எல்லா மின்னஞ்சல்களும் வேண்டும்" என்று கேட்டு, நூற்றுக்கணக்கான டாலருக்கு மதிப்பீடு அனுப்பப்பட்டு, வாயடைத்துப் போனேன். தவறு என்னுடையதும்தான். பிறகு ஒரு கூட்டத்தின் தேதியைச் சொல்லி, அதற்காக உறுப்பினர்களுக்குத் தரப்பட்ட கோப்பை மட்டும் கேட்டேன். நான்காம் நாள் மின்னஞ்சலிலேயே வந்துவிட்டது.

புதுவாக்காளர்:

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு வார இறுதிகளை இதற்கே செலவிட்டேன். இரண்டு இடங்களில் குழப்பம் இருக்கிறது.

முதலாவது, 2025-இன் எச்.ஆர். 1. அதில் வரி, மருத்துவ உதவி, எல்லைக் காவல் என்று எல்லாம் இருக்கிறது. நடுவில் தனியார் பள்ளி உதவித்தொகைக்கு நன்கொடை தருபவருக்கு செலுத்த வேண்டிய வரியிலேயே 1,700 டாலர் வரை கழிவும் இருக்கிறது. அந்த மசோதா மீதான வாக்கைக் கல்வி பற்றிய வாக்காக எடுத்துக்கொள்ளலாமா? இரண்டாவது, மாநிலக் கீழவையின் குறிப்பேட்டில் 2023-இன் ஒரு வாக்கெடுப்புக்கு (ரேனி திருத்தம் அன்று, வேறொன்று) அடியில், பதிவானது ஒன்று, தாம் எண்ணியது வேறொன்று என்று நம் வேட்பாளர் எழுதிக் கொடுத்த குறிப்பு இருக்கிறது. எதை நம்புவது?

ஆவணப்பூனை:

முதல் கேள்விக்கு, தனியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே என் பதில். 2025 ஜூலை 3 அன்று 218-க்கு 214 என்று நிறைவேறிய அந்த மசோதாவில், ஒருவர் வரிக்காக "ஆம்" என்றிருப்பார், மற்றொருவர் மருத்துவ உதவிக்காக "இல்லை" என்றிருப்பார். கல்விப் பகுதியை மட்டும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. அந்த வரிக் கழிவு அதற்கு முன்பே குழந்தைகளுக்கான கல்வித் தேர்வுச் சட்டம் என்ற தனி மசோதாவாக வந்தது. அதன் இணைமுன்மொழிவாளர் பட்டியலைப் பாருங்கள். செலவில்லாத ஆதரவு என்று நான் முன்பு சொன்ன அதே இணைமுன்மொழிவு இங்கே பயன்படுகிறது, ஏனெனில் இந்த விஷயத்தைத் தவிர வேறெதுவும் அதில் கலக்கவில்லை. உறுப்பினர் கல்விக் குழுவில் இருந்தால், குழு அறிக்கைகளின் பின்பகுதியில் குழுவுக்குள் நடந்த வாக்கெடுப்புகளும் பெயரோடு அச்சாகியிருக்கும். அவையில் வாய்மொழி வாக்காக முடிந்துபோன விஷயத்துக்குக்கூட அங்கே சில சமயம் தடயம் கிடைக்கும்.

இரண்டாவது கேள்வி சுவையானது. டெக்ஸாஸ் கீழவையில் அதற்கு வாக்கு பற்றிய அறிக்கை என்று பெயர். பக்கத்து இருக்கைக்காரர் பொத்தானை அழுத்திவிட்டார், இயந்திரம் வேலை செய்யவில்லை, எழுந்து வெளியே போயிருந்தேன் என்ற உண்மையான காரணங்களும் இருக்கலாம். ஊர்க்காரர்களுக்கு ஒரு முகமும் அவைத்தலைவருக்கு வேறொரு முகமும் காட்டும் வித்தையாகவும் இருக்கலாம். அந்த அறிக்கை முடிவை மாற்றுவதில்லை. பதிவான வாக்கே சட்டப்படி வாக்கு. ஒன்றை வைத்து எதையும் சொல்ல முடியாது. அந்த ஆண்டு முழுவதும் அவருடைய பெயரில் உள்ள அறிக்கைகளைத் திரட்டிப் பாருங்கள். நெருக்கமான வாக்கெடுப்புகளில் மட்டும் அவை குவிந்திருந்தால் நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

உறுப்பினரின் கடிதப் போக்குவரத்தைத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் அவருடைய அலுவலகத்திடம் கேட்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. 1966-இன் அந்தச் சட்டம் காங்கிரஸைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அவர் கல்வித் துறைக்கு எழுதிய கடிதம் அத்துறையின் கோப்பில் இருக்கும், அத்துறையிடம் கேட்கலாம். இருபது வேலைநாள் என்று சட்டத்தில் இருக்கிறது. தேர்தலுக்குள் வரும் என்று நம்பிக் காத்திராதீர்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:

ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். டெக்ஸாஸ் சட்டமன்றத் தளத்தில் குழு விசாரணைகளுக்கான சாட்சிப் பட்டியலும் இருக்கிறது. மசோதாவை ஆதரித்தோ எதிர்த்தோ பேச வந்தவர், பேசாமல் பெயரை மட்டும் பதிந்தவர் ஆகியோரின் பெயர்கள் அதில் இருக்கும். எந்தப் பதவியிலும் இல்லாத காலத்தில் ஒருவர் மாநிலத் தலைநகர் ஆஸ்டின் வரை போய் எதற்காகக் காத்திருந்தார் என்பது, என் கணக்கில், தேர்தல் அறிக்கையைவிடப் பெரிய சான்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேட்பாளரின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று தேடத் தொடங்கிவிடாதீர்கள். முகநூலில் துருவினால் கிடைக்கலாம். ஆனால் குழந்தைகள் தேர்தலில் நிற்கவில்லை. நன்கொடைப் பட்டியலில் அண்டை வீட்டார் பெயரைப் பார்த்துவிட்டுத் தெருவில் அதைப் பேசுவதும் அழகன்று. அந்தப் பட்டியலிலுள்ள தனிநபர் விவரங்களை நிதி திரட்டவோ வணிகத்துக்கோ பயன்படுத்துவதைச் சட்டமே தடுக்கிறது.

நெடுஞ்சாலை290:

ஐந்து நிமிட வேலை என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சுயேச்சைச் செலவுப் பட்டியலை நேற்றுதான் முதன்முறையாகத் திறந்தேன். நான் ஆதரிப்பவருக்காக யார் விளம்பரம் செய்கிறார்கள் என்று பார்த்ததில் சற்றுத் தூக்கம் கெட்டது. ஒரு சிறு உதவிக் குறிப்பு: வேட்பாளர் தளத்தில் இப்போது இருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். இணையக் காப்பகத்தின் வேபேக் எந்திரத்தில் முதனிலைத் தேர்தலுக்கு முந்தைய வடிவத்தையும் பிந்தைய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காங்கிரஸ் நூலகமும் 2000 முதல் தேர்தல் தளங்களைச் சேமித்துவருகிறது.

புதுவாக்காளர்:

மூவரையும் பார்த்து முடித்துவிட்டேன். யாருடைய வாக்கு எப்படி இருந்தது என்று இங்கே எழுதினால் அது பிரசாரமாகிவிடும் என்பதால் எழுதவில்லை. ஐ.டி.இ.ஏ. முழு நிதி மசோதாவில் இப்போதைய உறுப்பினரின் பெயரைத் தேடினேன். விடை ஒரு நிமிடத்தில் கிடைத்தது. வவுச்சர் திருத்தத்தின் மீதான வாக்கும் கிடைத்தது.

நான் எதிர்பாராதது வாரியக் காணொளியில் இருந்தது. சிறப்புக் கல்விக்கான பேச்சுப் பயிற்சியாளர்களை வெளி நிறுவனத்திடமிருந்து அமர்த்தும் ஒப்பந்தம் ஒப்புதல் நிரலில் பதினேழாவதாக இருந்தது. மூன்றாம் வேட்பாளர் அதைத் தனியே எடுக்கச் சொல்லி, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்டார். அதிகாரியிடம் எண் இல்லை. அடுத்த மாதம் சொல்கிறோம் என்றார்கள். அடுத்த மாதக் காணொளியை முழுதும் பார்த்தேன். அதிகாரிகளும் சொல்லவில்லை, அவரும் மறுபடி கேட்கவில்லை. வரும் சனிக்கிழமை நூலகத்தில் அவர் வாக்காளர்களைச் சந்திக்கிறார். இரண்டு கூட்டங்களின் தேதியையும் நிமிடக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.